விடுதி மணியும் என் நித்திரையும்

(நூற்றாண்டு விழாவின் மாலை ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

நிகழ்ச்சி நிரலில் என் பேச்சு இராப்போசனத்துக்குப் பின், ஒன்பதரை மணிக்கு என்றுதான் முதலில் போடப்பட்டிருந்தது. செயலாளருக்குத் தொலைபேசி எடுத்து அதை ஆறரைக்கு மாற்றுவித்தேன். "ஏன் அக்கா, ஒன்பதரைக்கு வேறை அலுவல் இருக்கோ?" என்று கேட்டார். "ஓம் தங்கச்சி, அந்த நேரம் நான் படுத்திருக்க வேணும்" என்றேன். அவர் சிரித்தார். நான் பகிடி விடவில்லை.

பெண்களும் உடல்நலமும் என்ற பொருளில் ஏதாவது பேசும்படி குழுவினர் கேட்டார்கள். நீரிழிவு பற்றியும் மார்பகப் புற்றுநோய் பற்றியும் பேச நம்மிடையே நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எனக்கு இருதுருவ மனநிலைக் கோளாறு இருக்கிறது. பைபோலர் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பத்தொன்பது வயதில் வந்தது. இப்போது அறுபதை எட்டப் போகிறேன். இவ்வளவு காலமும் அதோடு வாழ்ந்ததில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது குளிசை விழுங்குவதல்ல, ஊர்க்கதையும் அல்ல. நித்திரைதான். இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பழைய விடுதியில் இருந்தவர்கள் கை உயர்த்துங்கள் பார்ப்போம். இவ்வளவு பேரா! அப்படியென்றால் அந்த மணியை உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. காலை ஐந்து மணிக்கு ஒன்று, இரவு ஒன்பதரைக்கு விளக்கணைக்க ஒன்று. சனி, ஞாயிறு என்ற பேதம் அதற்கு இல்லை. மேற்றன் ஒரு நாளாவது காய்ச்சல் வந்து படுக்க மாட்டாரா என்று நேர்த்தி வைத்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். ஏழு வருடம் அந்த மணியை நானும் வைதேன். பிற்காலத்தில் மனநல வைத்தியர் ஒருவர் என் நாளுக்கு ஒரு நேரசூசி போட்டுத் தந்தபோது, அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அப்படியே எங்கள் விடுதியின் நேரசூசி.

1985இல் உயர்தரப் பரீட்சை எழுதினேன். பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கையில், உயர்தர வகுப்பாருக்கு மட்டும் படிக்கும் அறையில் பதினொரு மணிவரை விளக்கு விட்டார்கள். எனக்கு அது போதவில்லை. குளியலறை ஓடையில் எரிந்த மின்குமிழின் கீழே குந்தியிருந்து மூன்று மணிவரை படித்தேன். ஐந்து மணிக்கு மணி அடித்தபோது அலுப்பே இல்லை. முதல் வாரம் அது எனக்கே புதினமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. "அந்தப் பிள்ளையைப் பாருங்கோ, இரவிரவாகப் படிக்குது" என்று மற்றவர்களுக்கு என்னை உதாரணம் காட்டினார்கள். என் நோய்க்குக் கிடைத்த முதற் பாராட்டு அது.

பரீட்சை முடிந்தது, நித்திரை திரும்பி வரவில்லை. வீட்டில் சாமம் இரண்டு மணிக்கு எழும்பி முற்றம் கூட்டினேன். அம்மாவின் கூறைச் சேலை உட்பட அலுமாரியில் இருந்ததையெல்லாம் அயலவருக்கு எடுத்துக் கொடுத்தேன். நாட்டுப் பிரச்சினைக்குத் தீர்வு என்னிடம் இருக்கிறது, கச்சேரிக்குப் போய் அரசாங்க அதிபரைக் காண வேண்டும் என்று வெளிக்கிட்டு நின்றேன். (இப்போது நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரிக்கிறேன்.) வீட்டில் நூல் கட்டுவித்தார்கள், கழிப்புக் கழித்தார்கள். இரண்டு மாதத்தின் பின் எல்லாம் அடங்கி, பாயை விட்டு எழும்ப முடியாதவளாகக் கிடந்தேன். ஒரு நாளில் பதினாறு மணித்தியாலம் நித்திரை. தலைமுடி சடை பிடித்துவிட்டது.

அப்போதுதான் வைத்தியரிடம் கொண்டு போனார்கள். அவர் கண்டது பேசாமலிருந்து அழுகிற ஒரு பிள்ளையை. மனச்சோர்வு என்று மருந்து தந்தார். அவரில் நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முந்திய மாதங்களைப் பற்றி யாருமே அவரிடம் சொல்லவில்லை. சேலை கொடுத்த கதை வெட்கம் என்று அம்மா மறைத்தார். இரவிரவாகப் படித்தது கெட்டித்தனம் என்பதால் அது நோயோடு சேர்த்துச் சொல்லவேண்டிய ஒன்றாக ஒருவருக்கும் படவில்லை. மனச்சோர்வுக்கான மருந்தைத் தனியே கொடுத்தால், இருதுருவ நோய் உள்ள சிலரை அது மறுபக்கத்துக்குத் தூக்கி எறிந்துவிடும். என்னையும் எறிந்தது. ஆறு வாரத்தில் மீண்டும் நித்திரையில்லாத எழுச்சி.

இரண்டாவதாகப் பார்த்த வைத்தியர் என்னைப் பார்க்க முன் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "சோர்ந்து படுக்கிறதுக்கு முந்தி பிள்ளை எப்பிடி நித்திரை கொண்டவ?" அம்மா குளியலறை விளக்கின் கதையைச் சொன்னார். அந்த ஒரு கேள்வியில்தான் என் நோய்க்குச் சரியான பெயர் கிடைத்தது. உங்கள் வீட்டுப் பிள்ளையை மனச்சோர்வுக்காக வைத்தியரிடம் கூட்டிப் போக நேர்ந்தால், அவர் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லுங்கள். குறைய நித்திரை கொண்டு அலுப்பில்லாமல் திரிந்த நாட்கள் எப்போதாவது இருந்தனவா? மறக்காமல் சொல்லுங்கள்.

இந்த நோய் இரண்டு பக்கமும் இழுக்கும். ஒரு பக்கம் மனவெழுச்சி: பேச்சு வேகம், கை நிறையச் செலவு, அளவு மீறிய நம்பிக்கை, சிலருக்கு எரிச்சலும் சண்டையும். மறுபக்கம் மனச்சோர்வு. இடையில் மாதக்கணக்காக, வருடக்கணக்காகக்கூட நன்றாக இருப்போம். அந்த இடைக்காலத்தில் நான் வேலைக்குப் போனேன், பிள்ளைகளை வளர்த்தேன், உங்களோடு சண்டை பிடித்தேன். ஆனால் நித்திரை மட்டும் அந்த நல்ல காலத்திலும் முழுமையாகச் சீராவதில்லை. என்னைப் போன்ற பலரின் அனுபவம் அதுதான் என்று வைத்தியர்களும் சொல்கிறார்கள்.

நித்திரை வரவில்லை என்று நாங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வசனத்தைச் சொல்கிறோம். எனக்கு அதில் மூன்று வகை உண்டு. படுத்துப் புரண்டு, நித்திரை வேண்டுமே என்று தவித்து, அடுத்த நாள் அலுத்துக் களைத்துப் போவது ஒன்று. அது உங்களுக்கும் வரும்; தொல்லைதான், ஆனால் எனக்கு அதில் பயமில்லை. சோர்வு காலத்தில் எவ்வளவு நித்திரை கொண்டாலும் போதாமல் கிடப்பது மற்றொன்று. சிலருக்கு அதே காலத்தில் விடியப்புறம் மூன்று மணிக்கே விழிப்பு வந்து, விடியும்வரை மனம் தன்னைத் தானே குத்தும். மூன்றாவது வகைதான் நான் பயப்படுவது. நான்கு மணித்தியாலம் நித்திரை கொண்டு எழும்புவேன், உடம்பு பஞ்சு போல இருக்கும், மனம் பாடும், காணாமல் போன நித்திரை வேண்டும் என்றே தோன்றாது. அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்தால் வடிவாகவும் இருப்பேன்! அது நன்றாயிருப்பதன் அடையாளம் அல்ல, நெருப்புப் பிடிக்கிற மணம் என்று படிக்க எனக்குப் பத்து வருடம் எடுத்தது.

நோய் நித்திரையைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நித்திரை கெட்டால் அதுவே நோயைக் கிளப்பும் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்க ஆய்வாளர் தோமஸ் வேரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1987இல் இதை எழுதினார்கள். துக்கம், சந்தோஷம், பிள்ளைப்பேறு, பிரயாணம் என்று மனவெழுச்சியைத் தூண்டும் காரணங்கள் பலவாகத் தெரிந்தாலும், அவை பெரும்பாலும் நித்திரைக் குறைவு என்ற ஒரே ஒழுங்கை வழியாகத்தான் வந்து சேருகின்றன என்பது அவர்களுடைய கருத்து. என் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் அது அப்படியே பொருந்துகிறது. அண்ணாவின் கல்யாணம், அப்பாவின் செத்தவீடு. ஒன்று மங்கலம், மற்றது அமங்கலம். இரண்டிலும் இரண்டு இரவு கண் முழித்தேன். இரண்டின் பின்னும் வைத்தியசாலை விடுதியில்தான் படுத்தேன்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் எடுப்பது லிதியம். அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் 1949இல் அதன் பயனை முதலில் எழுதினார். இன்றுவரை அதற்கு மதிப்புக் குறையவில்லை. இரத்தத்தில் அதன் அளவைச் சோதிக்க வேண்டும், சிறுநீரகத்தையும் தைரொய்டையும் இடைக்கிடை பார்க்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் திரிவதும், வயிற்றோட்டத்தோடு பேசாமல் இருப்பதும், உப்பை ஒரேயடியாக விடுவதும், மூட்டு நோவுக்கு ஐபியூபுரூபன், டைக்குளோபினாக் போன்றவற்றைக் கடையில் வாங்கி விழுங்குவதும் லிதியம் எடுப்பவருக்கு ஆபத்து. கை கூடுதலாக நடுங்கினால், தள்ளாடினால், வாந்தி எடுத்தால், அடுத்த கிளினிக் திகதிவரை பார்த்திருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இளம் பிள்ளைகளின் தாய்மாருக்கு இன்னொன்று: இதே நோய்க்குக் கொடுக்கும் வல்புரோயேட் என்ற மருந்து கருவிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும். பிள்ளை பெறும் வயதிலுள்ளவருக்கு அது எழுதப்பட்டிருந்தால், தாங்களாக நிறுத்தாமல், வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

இனி அந்த நேரசூசி. பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்து எலன் ஃபிராங்க் என்ற பெண்மணி, இந்த நோயாளருக்கென்றே ஒரு சிகிச்சை முறையை வகுத்தார். அதில் தினமும் ஐந்து நேரங்களைக் குறிக்கச் சொல்வார்கள். படுக்கையை விட்டு எழும்பிய நேரம், முதன்முதலாக ஒருவரோடு கதைத்த நேரம், வேலை தொடங்கிய நேரம், இராச்சாப்பாட்டு நேரம், படுத்த நேரம். இவ்வளவுதான். இந்த ஐந்தும் நாளுக்கு நாள் ஓடித் திரியாமல் ஓரிடத்தில் நின்றால், உடம்புக்குள் இருக்கிற மணிக்கூடும் ஓரிடத்தில் நிற்கும் என்பது அடிப்படை. அவர்களுடைய முடிவுகள் 2005இல் வெளிவந்தன; நோய் கடுமையாக இருந்த காலத்திலேயே இம்முறையைப் பழகியவர்கள், அடுத்த நோய் வருமுன் கூடுதலான காலம் நன்றாயிருந்தார்கள்.

நான் அதை ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் எழுதுகிறேன். இப்போது நடப்பது நாற்பத்தேழாவது கொப்பி. ஐந்தில் எனக்கு மிக முக்கியமானது படுக்கும் நேரமல்ல, எழும்பும் நேரம். நித்திரை வரும் நேரம் என் கையில் இல்லை. எழும்புவது என் கையில் இருக்கிறது. இரவு எப்படிப் போனாலும் ஐந்தேகாலுக்கு எழும்பி, வாசலுக்கு வந்து, வெளிச்சத்தில் நின்று, எதிர்வீட்டு மச்சாளோடு நாலு வார்த்தை கதைப்பேன். மச்சாளுக்குத் தான் என் சிகிச்சையின் ஒரு பகுதி என்பது தெரியாது. மதியம் இரண்டு மணிக்குப் பிறகு தேநீரும் கோப்பியும் இல்லை. பகல் நித்திரை அரை மணிக்கு மேலில்லை. சித்திரை மாதத்து வெயிலில் இது பெரிய தவம்.

இரவு எட்டு மணிக்குப் பெரிய விளக்குகளை அணைத்துவிடுவேன். இருட்டும் எமக்கு மருந்துதான். தோமஸ் வேர் 1998இல் ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்; அடிக்கடி மாறி மாறி நோய் வந்த அவர், தினமும் 10 முதல் 14 மணித்தியாலம் இருட்டில் ஓய்வெடுக்க வைக்கப்பட்டபோது சீரானார். நோர்வேயில் 2016இல் வெளிவந்த ஆய்வொன்றில், மனவெழுச்சியோடு வைத்தியசாலையில் இருந்தவர்களுக்கு, மாலை ஆறு மணி முதல் காலை எட்டு மணிவரை நீல ஒளியைத் தடுக்கும் செம்மஞ்சள் கண்ணாடி அணிவித்தார்கள். மருந்தோடு சேர்த்துத்தான். ஒரு வாரத்தில், வெறும் கண்ணாடி அணிந்தவர்களைவிட இவர்கள் நன்றாகவே தணிந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் அதைப் படித்தபோது எனக்குத் தொண்ணூறுகளின் யாழ்ப்பாணம் ஞாபகம் வந்தது. மின்சாரம் இல்லாத ஐந்தாறு வருடம். ஜாம் போத்தல் விளக்கு, ஏழரைக்குச் சாப்பாடு, எட்டரைக்குப் பாய். குண்டு விழாத இரவுகளில் அந்த இருட்டு என் நித்திரைக்கு நல்லதையே செய்தது. அந்தக் காலத்தைப் புகழ்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே காலத்தில்தான் மருந்து வராமல் மூன்று மாதம் லிதியம் இல்லாமல் இருந்தேன். அதன் பிறகு நடந்தவற்றை இந்தச் சபையில் சொல்ல மாட்டேன்.

படுத்து அரை மணியாகியும் நித்திரை வராவிட்டால், கட்டிலில் கிடந்து மல்லுக்கட்ட மாட்டேன். எழும்பி, மங்கல் வெளிச்சத்தில் முருங்கையிலை உருவுவேன். அதைவிட நித்திரையைக் கூப்பிடும் வேலையை நான் கண்டதில்லை. அடுத்த நாள் வறைக்கும் ஆகும். கைத்தொலைபேசி மண்டபத்து மேசையில்தான் கிடக்கும். இன்னொன்றை இங்கே சொல்ல வேண்டும். நித்திரையின்மைக்கு இப்போது பலரும் சொல்லும் ஒரு பயிற்சி இருக்கிறது: படுக்கையில் இருக்கும் நேரத்தை வேண்டுமென்றே குறைத்து, அலுப்பை ஏற்றி, நித்திரையை இறுக்குவது. மற்றவர்களுக்கு நன்றாக வேலை செய்யும். எங்களுக்கு அது கத்தி. கலிபோர்னியாவில் அலிசன் ஹார்வி என்ற உளவியலாளர் இருதுருவ நோயாளருக்கென அதை மாற்றி அமைத்தார். அங்கேகூட நேரத்தை மிகக் கவனமாகத்தான் குறைக்கிறார்கள். ஆகவே புத்தகத்தில் படித்தேன், தங்கச்சி சொன்னாள் என்று இதைத் தனியே தொடங்க வேண்டாம். அதேபோல, பக்கத்து வீட்டு நித்திரைக் குளிசையும், வெளிநாட்டுப் பொதியில் வரும் மெலற்றோனின் போத்தலும். அன்பாகத்தான் அனுப்புகிறீர்கள். வைத்தியருக்குக் காட்டாமல் நான் எடுப்பதில்லை.

வீட்டுக்காரர் குறட்டை விடுகிறேன் என்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. நித்திரைக்கு உதவும் மருந்து ஒன்றால் உடம்பு போட்டுவிட்டது. எட்டு மணித்தியாலம் படுத்தும் காலையில் தலை பாரம். நித்திரையில் மூச்சு அடைபட்டு அடைபட்டு வருகிறது என்று பிறகு பரிசோதனையில் கண்டார்கள். எங்களிடையே அது அரிதல்ல. பல மாதமாக அதை மனச்சோர்வு என்று நினைத்து மருந்தை மாற்றிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து அவரின் முறைப்பாடுகளைச் சற்று மரியாதையோடு கேட்கிறேன்.

எங்கள் சமயமும் பண்பாடும் கண் முழிப்பைப் புண்ணியமாக வைத்திருக்கின்றன. சிவராத்திரிக்கு நான் முதற் சாமப் பூசை பார்த்து வீட்டுக்கு வந்துவிடுவேன். "நாலு சாமமும் இருந்தாத்தானே பலன்" என்று ஒரு பெரியம்மா வருடாவருடம் சொல்வார். "பெரியம்மா, மிச்சம் மூன்று சாமத்தையும் எனக்காக நீங்கள் இருங்கோ" என்பேன். இருப்பார், பாவம். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்காமல் விரதம் பிடித்த காலம் போய்விட்டது. லிதியத்தோடு அது ஆகாது. பாலும் பழமும் தண்ணீரும் எடுப்பதை முருகன் குறையாக நினைக்கவில்லை. செத்தவீட்டில் மட்டும்தான் இன்னும் சங்கடப்படுகிறேன். பிரேதத்தை விட்டு எழும்பிப் போகிறாளே என்று பார்ப்பவர்களின் கண்ணைக் கடப்பது சுலபமில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இனிச் சொல்வது முக்கியம். 1982இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து மனநோயோடு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட பிரயாணிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. கிழக்கிலிருந்து மேற்கே பறந்து வந்தவர்களில் மனச்சோர்வு கூடுதலாகவும், மேற்கிலிருந்து கிழக்கே வந்தவர்களில் மனவெழுச்சி கூடுதலாகவும் காணப்பட்டன. கிழக்கே வரும்போது இரவு சுருங்கிவிடுகிறதல்லவா! ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணி வித்தியாசம். மகளின் பிள்ளைப்பேற்றுக்காக அங்கே போனபோது முதல் வாரம் மனம் இருண்டு கிடந்தேன். திரும்பி வந்த மூன்றாம் நாள், சாமத்தில் எழும்பி எல்லாத் தலையணைக்கும் உறை தைத்துக்கொண்டிருந்தேன். கொப்பியைத் திறந்தால் இரண்டு இரவும் நாலு மணித்தியாலம், பக்கத்தில் என் கையெழுத்தில் 'அலுப்பு இல்லை' என்று இருக்கிறது. நானும் வைத்தியரும் முன்பே பேசி வைத்த விதி அதுதான்: இரண்டு இரவு ஐந்துக்குக் கீழே, அலுப்பும் இல்லை என்றால் பொறுத்திருக்காமல் அவருக்குச் சொல்வது. தங்கையும் வீட்டுக்காரரும் அந்தக் கொப்பியைக் கேட்காமலே திறந்து பார்க்க அனுமதி உண்டு, ஏனென்றால் அந்த நேரத்தில் நான் எனக்கு நல்லாயிருக்குது என்றுதான் சொல்வேன். மருந்தைச் சில நாள் மாற்றினார்கள்; வைத்தியசாலைக்குப் போகாமல் தப்பினேன். இப்போது பறப்பதற்கு முன்பே வைத்தியரோடு அதற்கென ஒரு திட்டம் போடுகிறேன். இந்த விழாவுக்கு வந்தவர்களில் என்னைப் போல யாராவது இருந்தால், இன்றிரவு கதைக்க ஆயிரம் இருக்கும், தெரியும். போய்ப் படுங்கள். நாளைக்கும் நாங்கள் இங்கேதான்.

எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்கும் ஒரு முறைப்பாடு. உங்களுக்கு மத்தியானம் இரண்டரை, எங்களுக்கு நடுச்சாமம். குழுவை நான் மௌனமாக்கி வைத்திருக்கிறேன். பிறந்தநாள் வாழ்த்துக்கு மறுநாள் நன்றி வந்தால் கோபிக்காதீர்கள்.

பிள்ளைப்பேறு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இருதுருவ நோயுள்ள பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பிள்ளை பிறந்த முதல் வாரங்களில் கடுமையான மனநோய் வரலாம். அது சில நாட்களிலேயே முற்றிவிடும். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அப்படியிருக்க நாங்கள் என்ன செய்கிறோம்? சம்பந்தம் பேசும்போது நோயை மறைக்கிறோம். குளிசைப் பெட்டி மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படக்கூடாதென்று கல்யாணத்தோடு மருந்தை நிறுத்துகிறோம். கல்யாண வீட்டு இரவுகள், புது வீடு, பிறகு கர்ப்பம், பிறகு இரவிரவாக அழும் குழந்தை. என் கல்யாணத்துக்கு முன் அப்பா உண்மையைச் சொன்னார். இரண்டு சம்பந்தம் குழம்பியது. மூன்றாவதாக வந்தவர்தான் அந்தக் குறட்டைக்காரர். இரண்டு பிள்ளைக்கும் இரவுப் பாலை அவரும் மாமியும் கொடுத்தார்கள், நான் படுத்தேன். நல்ல தாயா என்று கேட்டவர்கள் உண்டு. வைத்தியசாலைக்குப் போகாத தாயாக இருந்தேன்.

எங்கள் விடுதியில் ஒருத்தி இருந்தாள். எனக்கு ஒரு வகுப்பு மேலே. இரவில் விறாந்தையில் நடப்பாள். நாங்கள் அவளுக்கு ஆந்தை என்று பட்டம் வைத்தோம். சில மாதம் ஒருவரோடும் கதைக்க மாட்டாள். அதற்குத் தலைக்கனம் என்று பெயர் வைத்தோம். அவளுக்கு என்ன இருந்தது என்று சொல்ல நான் வைத்தியர் அல்ல. பாடசாலையை விட்டுப் போய் நாலு வருடத்தில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள் என்று கேள்விப்பட்டோம். அந்தப் பட்டத்தை வைத்தது நான்தான்.

உங்களில் யாருக்காவது, அல்லது வீட்டில் ஒருவருக்கு, நித்திரை போய், வாழ்ந்து என்ன என்ற எண்ணமும் வந்தால், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், வைத்தியசாலைக்குப் போங்கள். இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் பதில் சொல்வார்கள். அரசாங்க வைத்தியசாலைகளின் மனநல கிளினிக்குகளில் மருந்துக்குக் காசில்லை. வரிசையில் தெரிந்தவர்கள் காண்பார்கள் என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. காணட்டும். மாதாமாதம் அந்த வரிசையில் நிற்கும் என்னையும் காண்பார்கள்.

நண்பிகளிடம் ஒரு வேண்டுகோள். நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் உடனே, "குளிசை போட்டனீரோ?" என்று கேட்காதீர்கள். எனக்குச் சந்தோஷம் வந்தால் அது சந்தோஷமாகவும் இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் நித்திரையைப் பற்றிக் கேளுங்கள்: "நேற்றுச் சாமம் எத்தனை மணிக்குப் படுத்தனீர், காலமை அலுப்பிருந்ததோ?" அதற்கு நான் பொய் சொல்வது கடினம்.

ஏழு மணி தாண்டிவிட்டது. செயலாளர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். என்னோடு தனியே கதைக்க விரும்புபவர்களுக்காக எட்டரைவரை நூலகத்து விறாந்தையில் இருப்பேன். அதற்குப் பிறகு வாகனம் வந்துவிடும். மிச்சக் கதை இருந்தால் நாளைக் காலை ஐந்தரைக்குப் பிறகு தொலைபேசி எடுங்கள், எழும்பித்தான் இருப்பேன்.